ஆடியில் இறக்கி வைத்த வீடு

பித்தளைத் தவலையை எடுத்துவிட்டால் தரையில் வட்டம் தெரியும்.

எங்கள் வீட்டுத் தரை சாணி மெழுகியது. தவலை நின்ற இடம் மட்டும் வெளுத்து, ஓரம் கறுத்திருக்கும். பெரிய தவலைக்குப் பெரிய வட்டம். சொம்புக்குச் சின்ன வட்டம். ஆடிக் கிருத்திகை அன்று காலையில் எங்கள் வீட்டில் தவலைகள் இருக்காது. வட்டங்கள் மட்டும் இருக்கும்.

அம்மா அவற்றின் மேல் மண்ணைத் தூவிக் காலால் தேய்ப்பாள். போகாது.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த வருஷத்துக் கிருத்திகைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நடுவீட்டில் நின்றேன். கட்டில் இல்லை. பாய் இல்லை. மாடத்தில் ரேடியோ இல்லை. "அம்மா" என்றேன். என் குரல் சுவரில் பட்டு, வேறு யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி வந்தது.

வெளியே ஆடிக் காற்று. திருத்தணி மலை புழுதிக்குள் தரையில் ஒட்டாமல் நின்றது. மலைப்பக்கமிருந்து அரோகரா சத்தம் வரும். காற்று திரும்பினால் நின்றுவிடும். மறுபடி வரும். காவடி போகிறவர்கள் மஞ்சள் மஞ்சளாய் ரோட்டில் நகர்ந்தார்கள். பூ வாசனை மட்டும் எங்கள் வயல் வரைக்கும் வந்து நின்றது.

"இறக்கியாச்சா?" என்று நைனா வாசலிலிருந்து கேட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"ஆங். இறக்கியாச்சு" என்றாள் அம்மா.

இது எங்கள் வீட்டுப் பேச்சு. வீட்டை இறக்குவது என்றால் ஏழை வீடாக்கி வைப்பது. பண்டிகைக்கு ஊரெல்லாம் வீட்டை ஜோடிக்கும். நாங்கள் கலைப்போம்.

கிணற்றுக்கு வந்த குத்தகை

நாங்கள் உழுத நிலம் எங்களுடையது இல்லை. மெட்ராசில் இருந்த ஒருவருடையது. குத்தகைக்கு உழுதோம். வீடும் அவர் நிலத்தின் ஓரத்தில்தான் இருந்தது. அவரை மெட்ராஸ் ஐயா என்போம். வருஷத்தில் ஒருநாள் ஆடிக் கிருத்திகைக்குக் காரில் மலைக்கு வருவார். சாமி பார்த்துவிட்டுத் திரும்பும்போது எங்கள் ரோட்டில் கார் நிற்கும். அவர் இறங்க மாட்டார். அவருடைய ஏஜெண்டுதான் குடையைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் நடந்து வருவார். அந்த வருஷத்துக் குத்தகை எவ்வளவு என்பது அன்றைக்கு முடிவாகும்.

நான் பாவாடை கட்டின காலத்தில் நைனா கிணறு வெட்டினார். இரண்டு கோடைக்கு வெட்டினார். அம்மா கூடையில் மண் சுமந்தாள். பாறை வந்தது. விட்டுவிடலாம் என்று ஊரில் சொன்னார்கள். நைனா வெட்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் பாறை ஓரத்தில் ஈரம் கசிந்தது. அம்மா அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எனக்கும் ஒரு விரல் வைத்தாள். கல் ருசி.

அந்த ஆடிக்கு ஏஜெண்டு வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு கல்லைப் போட்டார். சத்தம் வரும் வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தண்ணி நல்லாக் கீது" என்றார்.

குத்தகை ஏறியது.

"கெணறு நான் வெட்னதுங்க" என்றார் நைனா.

"கெணறு உன்னுதுதான். யாரு இல்லன்னது. அது எது உள்ள கீது சொல்லு. ஐயா நெலத்துல."

நைனா வீட்டுக்கு வந்து கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்ட முடியாத எதையும் வாங்கக் கூடாது.

தெருவைத் தாண்டினால் கஜேந்திரன் வீடு. தறி நெய்கிறவர். பொதட்டூர்பேட்டைக்கு லுங்கி நெய்து கொடுப்பார். தறிக்குக் கீழே கால் மிதிக்கிற பள்ளம் உண்டு. கிருத்திகை அன்று அவர் நெய்ய மாட்டார். எங்கள் தவலைகள் அந்தப் பள்ளத்தில் இறங்கிவிடும். நூல் கட்டுக்குப் பின்னால் ரேடியோ. கொல்லையில் எங்கள் கறவை மாடு. கிழட்டு மாட்டை மட்டும் வீட்டிலேயே விட்டு வைப்போம்.

"எங்க வூட்டுத் தறி இன்னிக்கு ஒரு நாளு பணக்காரத் தறி" என்பார் கஜேந்திரன்.

அம்மாவிடம் ஒரு கிழிசல் புடவை இருந்தது. இந்த ஒரு நாளுக்கு உள்ளது. மறுநாள் அதைத் துவைத்து, மடித்து, பெட்டியில் வேப்பிலை போட்டு வைப்பாள். மேலும் கிழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வாள். நல்ல புடவைகளை அவ்வளவு பத்திரமாக வைத்து நான் பார்த்ததில்லை.

சட்டத்தை நைனா ஒரு தடவைதான் மீறினார். பழைய கட்டடம் ஒன்றை இடித்த இடத்தில் சீமை ஓடு மலிவாகக் கிடைத்தது. ஒரு வண்டி ஓடு. ஆசை. கொண்டுவந்து வேலி ஓரம் அடுக்கி, மேலே வைக்கோல் போர் போட்டுவிட்டார். வீட்டுக்குப் பனை ஓலைக் கூரைதான். வருஷா வருஷம் பழைய வைக்கோல் போய்ப் புது வைக்கோல் ஏறும். ஓடு அடியிலேயே இருக்கும். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது அம்மா கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்ப்பாள். உள்ளே சில்லென்று இருக்கும் என்பாள்.

தண்ணி குடிக்க வந்தவர்கள்

அந்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அரக்கோணம் பக்கம். பையன் ரயில்வேயில் கலாசி. பெயர் ஏழுமலை. அப்பா இல்லை, அம்மா மட்டும். தரகர் போய் அவர்களிடம் சொல்லியிருந்தார். பொண்ணு வீட்டில் கறவை இருக்குது, பித்தளை இருக்குது, ரேடியோ பாடுது என்று. பொய் இல்லை. ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு.

ஆடியில் யாரும் பெண் பார்க்க வர மாட்டார்கள். அதனால் அம்மா தைரியமாக வீட்டை இறக்கியிருந்தாள்.

ஏஜெண்டு வந்து உரல் மேல் உட்கார்ந்தார். உட்கார வேறு எதுவும் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"வருஷா வருஷம் ஒன் வூட்ல ஒண்ணொண்ணாக் கொறஞ்சிகினே வருது. போன வருஷம் ஒரு பாய் இருந்திச்சே."

"எலி கடிச்சிட்ச்சிங்க" என்றார் நைனா.

"சோறே இல்லாத வூட்ல எலிக்கு இன்னா வேல?"

நைனா தரையைப் பார்த்தார்.

"மாடு?"

"அதோ நிக்குதுங்க. வத்திப் போச்சு."

ஏஜெண்டு என்னைப் பார்த்தார். "ஒம் பேரு இன்னாம்மா?"

"தனம்."

"பேர்லயாவது கீதே" என்றார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் நடந்து வந்து செருப்பு அறுந்திருந்தது. ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு. ரோட்டில் கார் நின்றது. அதன் கண்ணாடியில் வெயில் பட்டு எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது ரோட்டிலிருந்து சிலர் திரும்பி எங்கள் வரப்பில் வந்தார்கள். மஞ்சள் துணி. முன்னால் தடித்த ஒரு அம்மாள். பின்னால் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு ஆள், தோளில் வெறும் காவடித் தண்டு. இன்னும் ஒன்றிரண்டு சொந்தக்காரர்கள்.

"இதுதான தனம் வூடு? நான் ராஜம்மா. ஏழுமலையோட அம்மா" என்றாள் முன்னால் வந்தவள். "பொண்ணு பாக்க வரல. ஆடியில யாரு பாப்பாங்க. மலைக்கு வந்தோம். ரயிலுக்குப் போற வழி. தண்ணி குடிச்சிட்டுப் போலாம்னு."

அம்மா கிழிசல் புடவையில் நின்றாள். முந்தானையை இழுத்து ஒரு ஓட்டையை மறைத்தாள். இன்னொரு ஓட்டை வெளியே வந்தது.

ஏஜெண்டு உரலை விட்டு எழவில்லை. வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் தண்ணீர் கொண்டு போனேன். நசுங்கின அலுமினிய டம்ளர். மொட்டைத் தலை என்னைப் பார்த்தது. நான் பார்த்ததும் குனிந்துகொண்டது. மாப்பிள்ளையை நான் முதல் முதலில் பார்த்தது மயிர் இல்லாமல்தான்.

ராஜம்மா குடித்துக்கொண்டே வீட்டைப் பார்த்தாள். வெறும் மாடத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். வட்டம் இருந்த இடத்தில் போய் நின்றாள். கால் கட்டைவிரலால் அந்த வட்டத்தை மெல்லச் சுற்றி வந்தாள். தலையைத் தூக்கி ஏஜெண்டின் குடையைப் பார்த்தாள். ரோட்டில் நின்ற காரைப் பார்த்தாள்.

டம்ளரை டங்கென்று கீழே வைத்தாள்.

"அந்தத் தரகன் வாயில மண்ணு உழ" என்று ஆரம்பித்தாள். "தவலன்னான். கறவன்னான். ரேடியோ பாடுதுன்னான். இங்க உக்கார ஒரு பாய் இல்ல. இந்த வூட்ல நாய்கூட ஒதுங்காது."

அம்மாவின் முகம் செத்துப்போனது.

"பெரியவரே, நீங்களே சொல்லுங்க" என்று ராஜம்மா ஏஜெண்டிடம் திரும்பினாள். "இங்க சம்மந்தம் பண்ணலாமா?"

"எனக்கு நெலத்தப் பத்தித்தான் தெரியும்மா."

"நெலம் எப்பிடி?"

"நல்ல நெலம்."

"நல்ல நெலத்த உழுதவன் இப்பிடியா கெடப்பான்? கல்லாங்காட்ட வெச்சிகினு நல்ல நெலம்னு சொல்றீங்க. இவன் குத்தகய எப்பிடித்தான் அளந்து குடுக்கறானோ. ஐயோ பாவம்."

ஏஜெண்டு குடையால் தரையில் கோடு கிழித்தார். "சரி. இந்த வருஷம் பழைய குத்தகயே இருக்கட்டும்னு ஐயாகிட்ட சொல்லிப் பாக்கறேன்" என்றார்.

நைனா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. தூக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்டது போல இருந்தது. அரோகரா சத்தம் வந்தது, நின்றது.

அம்மா தெருவைத் தாண்டினாள்

அம்மா வெளியே போனாள்.

கஜேந்திரன் குரல் கேட்டது. "அக்கா, அந்த ஆளு இன்னும் போவலியே."

"தள்ளு" என்றாள் அம்மா.

இடுப்பில் பெரிய தவலையோடு வந்தாள். பெரிய வட்டத்தில் வைத்தாள். சரியாக உட்கார்ந்தது. திரும்பிப் போனாள். அடுத்த தவலை. அதன் வட்டம். பிறகு சொம்புகள். நாங்கள் யாரும் அசையவில்லை. ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. வீடு எங்கள் கண்ணெதிரே தன்னைத் தானே திருப்பி வைத்துக்கொண்டது போல இருந்தது.

கடைசியில் ரேடியோவைத் தூக்கி வந்தாள். வழியில் எதையோ திருகிவிட்டாள் போல. அது பேசிக்கொண்டே வந்தது. யாரோ ஒருவர் மணிலாக் கொட்டை விலை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டுக் கறவை மாடு முளையைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே வந்து வாசலில் நின்றது.

"போதும்" என்றார் நைனா.

அம்மாவுக்குக் கேட்கவில்லை. வேலி ஓரம் போனாள். இரண்டு கையாலும் வைக்கோலைப் பிடுங்கி எறிந்தாள். சிவப்பாக ஓடு தெரிந்தது.

"பாத்துக்கோ. எம் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருக்கறேன்" என்று ராஜம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "இப்ப சொல்லு. நாய் ஒதுங்காதா?"

ரேடியோ வேறு ஊர் விலைக்குப் போயிருந்தது.

ஏஜெண்டு எழுந்து வைக்கோல் போர்ப் பக்கம் நடந்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் ராஜம்மா தரையில் அப்படியே உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அடிப் பாவி. ஒனக்காகத்தாண்டி கத்திகினு இருந்தேன்."

அம்மா அவளைப் பார்த்தாள்.

"நானும் குத்தக வூட்ல பொறந்தவதான். அந்த வட்டத்தப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சு. எங்கம்மா ஆடுங்கள சுடுகாட்டுல கட்டிட்டு வருவா. இங்க தவல. அவ்ளோதான். அந்த ஆளு வாயாலயே பழைய குத்தகன்னு சொல்ல வெச்சேன். நீ வந்து மொத்தத்தயும் கொட்டிட்ட."

அம்மா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதை நிறுத்த அவளுக்குத் தெரியாது. மொட்டைத் தலை வந்து குனிந்து நிறுத்தியது.

ஏஜெண்டு ஒரு ஓட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "நல்ல ஓடு" என்றார். நைனாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "கண்ணுல படலன்னு நான் சொல்ல முடியாதுப்பா. காரு அங்கருந்து பாத்துகினுதான் நிக்குது. நானும் கூலி வாங்கறவன்."

"ஆங்" என்றார் நைனா.

கொஞ்சநேரத்தில் கார் டிரைவர் வந்து இலைத் தொன்னையில் பஞ்சாமிர்தம் கொடுத்துவிட்டுப் போனார். ஐயா வருஷா வருஷம் கொடுப்பது. அந்த வருஷமும் கொடுத்தார்.

ராஜம்மா ரயிலுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள். சம்பந்தம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரப்பு முனையில் மொட்டைத் தலை ஒரு தரம் திரும்பியது. சந்தனம் மினுங்கியது. அப்புறம் மஞ்சள் கூட்டத்தில் எது அது என்று தெரியவில்லை.

சேதி அந்த வாரமே வந்தது. அதுவரை இல்லாத குத்தகை. சம்மதம் இல்லையென்றால் வேறு ஆள் வைப்பார்கள்.

வெள்ளைச் சுவர்

இதை நான் வெளியாளிடம் முதலில் சொன்னது பல வருஷம் கழித்து. அப்போது அரக்கோணம் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. மத்தியானத்தில் பஞ்சும் துணியும் வெட்டி மடிப்போம். நானும் பிரிஜித் சிஸ்டரும். ரயில் போனால் ஜன்னல் கம்பி நடுங்கும். டெட்டால் வாசனை.

சிஸ்டர் அயர்லாந்துக்காரர். தமிழை நோயாளிகளிடம் கற்றுக்கொண்டவர். வெள்ளைக்கார முகத்தை வைத்துக்கொண்டு "இன்னா தனம், சாப்ட்டாச்சா?" என்பார். புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவார்கள்.

எங்கள் ஆயாக்களில் ஒருத்தி அன்று வேலைக்கு வரவில்லை. வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறாள் என்றேன். சிஸ்டர் மடிப்பதை நிறுத்தினார்.

"எங்க வூட்ல ஒருத்தங்க வெள்ள அடிச்சாங்க. எங்கப்பாவோட பாட்டி" என்றார்.

அவர் ஊரில் அந்தக் காலத்தில் உருளைக்கிழங்குதான் சாப்பாடு. உழுகிறவர்களுக்கு நிலம் சொந்தமில்லை. நிலத்துக்காரர் கடல் தாண்டி இருப்பார். ஏஜெண்டு குதிரையில் வருவார். வீடு கொஞ்சம் நன்றாகத் தெரிந்தால் குத்தகையை ஏற்றிவிடுவார். அதனால் வாசலிலேயே குப்பைமேடு போட்டு வைப்பார்களாம். ஜன்னலில் கண்ணாடி உடைந்தால் மாட்ட மாட்டார்களாம். கந்தையைச் சுருட்டி அடைப்பார்களாம்.

நான் துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"எங்க ஊர்ல சாமியார் ஒவ்வொரு வூடா வந்து பூசை வெப்பாரு. முறை வரும். சாமி வர்ற வூடு. அழுக்கா வெக்க முடியுமா? அந்தப் பாட்டி சுண்ணாம்பு அடிச்சாங்க. உள்ளயும் வெளியயும்."

"குதிர வந்திச்சா?"

"வந்திச்சு. நின்னுச்சு."

குத்தகை ஏறியது. பின்னால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன காலம் வந்தது. கட்ட முடியவில்லை. ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துப் போட்டார்கள்.

"கூரைய எதுக்குப் பிரிக்கணும்?"

"திரும்பி வந்து படுக்கக் கூடாதுன்னு."

பாதிப் பேர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். போகிறவர்களைச் சுற்றி உட்கார்ந்து, செத்தவர்களுக்கு அழுவது போல் ஒப்பாரி வைத்து அனுப்பினார்களாம். அவர்கள் உயிரோடு உட்கார்ந்து தங்களுக்கான ஒப்பாரியைக் கேட்டார்களாம். சிஸ்டர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வீட்டைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். மேலே வானம். உள்ளே புல். மூலையில் ஒரு சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"கை வெச்சுப் பாத்தேன். கையில ஒட்டிகிச்சு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் பஞ்சு இருந்தது.

நான் எங்கள் தவலைக் கதையைச் சொன்னேன். அம்மா ரேடியோவோடு தெருவைத் தாண்டியதைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் கேட்டார்.

"அம்மாவ ஒங்க நைனா திட்டினாரா?"

"இல்ல."

"ஒரு வார்த்த?"

"இல்ல சிஸ்டர்."

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். "எங்க வூட்ல அந்தப் பாட்டிய திட்டிகினே இருந்தாங்களாம். கப்பல் ஏறுறவங்க ஏறும்போதும் திட்டிட்டுத்தான் ஏறினாங்களாம்" என்றார்.

ரயில் ஒன்று போனது. கம்பி நடுங்கி நின்றது. நாங்கள் மிச்சத் துணியை மடித்தோம்.

ஏணி

நைனா திட்டவில்லைதான். பேசவும் இல்லை. வயலுக்குப் போனார், வந்தார். அம்மா அவருக்குச் சோறு வைத்துவிட்டு எட்டி நின்றாள். தவலைகள் வட்டத்திலேயே இருந்தன. யாரும் அவற்றைத் தொடவில்லை. தண்ணீர்கூட மண் பானையில் மொண்டோம்.

கறவை மாட்டை விற்றார். புதுக் குத்தகைக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினார். மாட்டை ஓட்டிக்கொண்டு போன அன்று அம்மா கொட்டகையைக் கூட்டினாள். கூட்டி முடித்தும் கூட்டிக்கொண்டே இருந்தாள்.

"நாந்தான் கெடுத்தேன்" என்றாள்.

நைனா அவளைப் பார்த்தார். எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கஜேந்திரா. ஏணி இருக்குதா?"

"கீது மாமா. இன்னாத்துக்கு?"

"ஓடு போடணும்."

கஜேந்திரன் வாசலுக்கு வந்து நின்றார். "மாமா, அடுத்த ஆடிக்கு அத எங்க தூக்கிகினு போவ? என் தறிப் பள்ளத்துல கூரை எறங்காதே."

"தூக்க வேணாம்" என்றார் நைனா. "பாத்துட்டாங்க. இனிமே மறைக்க இன்னா இருக்குது."

ஓலையைப் பிரித்தார்கள். ஒரு நாள் முழுக்க எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. நான் நடுவீட்டில் மல்லாந்து படுத்திருந்தேன். சுவருக்கு நடுவில் வானம் ஓடியது. சமையல் கட்டு, மாடம், தவலை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, மேலே கொக்கு பறந்தது. அவ்வளவு வெளிச்சத்தில் எங்கள் வீட்டை நான் பார்த்ததே இல்லை. மூலையெல்லாம் தெரிந்தது. சிஸ்டர் அவர் வீட்டைச் சொன்னபோது எனக்கு இந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு மறுபடி மூடினார்கள். அவர்களுக்கு மூடவில்லை.

ஓடுகளுக்கு நடுவில் தேள் இருந்தது. பாசி பிடித்திருந்தது. அம்மா ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தாள். நான் வாங்கிக் கொடுத்தேன். கஜேந்திரன் ஏணியில் நின்று நைனாவிடம் கொடுத்தார். ஒரு இடத்தில் மட்டும் கண்ணாடி ஓடு பதித்தார்கள். அதன் வழியாக வெயில் ஒரு கோலாக இறங்கியது. மத்தியானத்தில் பெரிய தவலையின் மேல் வந்து நிற்கும். சாயங்காலம் சுவரேறிப் போய்விடும். அம்மா வேலையை விட்டுவிட்டு அது நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தரகர் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. கறவை போய்விட்டது. இப்போது அவர்கள் வந்தாலும் தரகர் சொன்னது பொய்யாகத்தான் இருக்கும். நான் களை எடுக்கப் போனேன். குனிந்து நிமிரும்போதெல்லாம் ரோட்டில் மஞ்சள் தெரிகிறதா என்று கண் போகும். கிருத்திகை முடிந்த ரோடு. வெறும் புழுதி.

ஆவணி

ஆவணியில் ஒரு நல்ல நாளில் ராஜம்மா வந்தாள். மகனையும் கூட்டி வந்திருந்தாள். கையில் தாம்பாளம், தேங்காய், பூ. மகன் தலையில் முள்ளு முள்ளாக மயிர் வளர்ந்திருந்தது.

வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். உள்ளே வந்து பெரிய தவலைக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஆடியில தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள் நைனாவிடம். "இப்பதான் பொண்ணு கேக்க வந்துகிறேன்."

"மாட்ட வித்துட்டோம்" என்றார் நைனா.

"மாட்டயா கட்டிக் குடுக்கப் போற?"

நைனா ஏதோ சொல்ல வந்தார். ராஜம்மா விடவில்லை.

"பொண்ணுக்காக அத்தினியும் தூக்கிப் போட்டாளே ஒரு பொம்பள, அவ பொண்ணுதான் எனக்கு வேணும். அவளாட்டம் ஒருத்தி என் வூட்ல இருக்கட்டும். எனக்குக் கத்தத்தான் தெரியும்."

அம்மா கதவு ஓரம் நின்றிருந்தாள். நல்ல புடவை. அதைக் கட்டிக்கொண்டு எப்படி நிற்பதென்று தெரியாதவள் போல நின்றாள். நான் பித்தளை டம்ளரில் தண்ணீர் கொண்டு போனேன். ஏழுமலை வாங்கிக்கொண்டார். குடிக்க மறந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

அப்போது மழை வந்தது.

ஓலைக் கூரையில் மழைக்குச் சத்தம் இருக்காது. ஒழுகினால்தான் தெரியும். ஓட்டின் மேல் எங்களுக்கு அதுதான் முதல் மழை. முதலில் தூரத்தில் யாரோ நடப்பது போல. பிறகு வரப்பில் பல பேர் வேகமாக வருவது போல.

அம்மா விருட்டென்று தலையைத் தூக்கினாள். ஓடிவந்து பெரிய தவலையை இடுப்பில் தூக்கிவிட்டாள். கண் தெருவுக்குப் போனது. கஜேந்திரன் வீட்டுக் கதவுக்குப் போனது. தரையில் வட்டம் தெரிந்தது.

"யாரோ வர்றாங்க" என்றாள்.

நைனா பாயிலிருந்து எழவில்லை. தலையைச் சாய்த்துக் கூரையைக் கேட்டார்.

"வரட்டும்" என்றார். "கீழ வை."